எங்கட சனம் தூள் வாங்காது

தம்பி,

நீ நுகேகொடைக்குக் குடிபோய் இன்னும் ஒரு கிழமை முடியவில்லை. பாமன்கடையில் பஸ் ஏறினால், நெரிசல் இல்லாத நேரத்தில் அரை மணித்தியாலத்தில் உன் வாசலில் வந்து நிற்கலாம். இந்தத் தூரத்துக்கு அம்மா கடிதம் எழுதுகிறாளே என்று நீ சிரிப்பாய். நன்றாகச் சிரி. போனில் கதைத்தால் "ஓம் அம்மா, சரி அம்மா, பிறகு எடுக்கிறன் அம்மா" என்று வாய்க்கு வாய் அம்மா போட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. நேரே சொல்லலாம் என்றால் அதுவும் சரிவராது. உன்னைப் பற்றி எனக்கு எவ்வளவு பெருமை என்று நான் தொடங்கினால் நீ காதைச் சொறிவாய், நான் அழுவேன், அப்பா ரீவிச் சத்தத்தைக் கூட்டுவார். வருகிற வெள்ளிக்கிழமை உன் முதல் பெட்டிகள் கடைகளுக்குப் போகின்றன. நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டு, ஒரு வீட்டின் பின்பக்க அனெக்ஸில் இருந்துகொண்டு, அம்மாவின் யாழ்ப்பாணக் கறித்தூளைப் பக்கெற்றில் அடைத்து விற்கப்போகிறாய். அதற்கு முன்னால் இதை எழுதி முடிக்க வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நடந்தது எல்லாம் உனக்குத் தெரியும். ஆனால் நான் நின்ற பக்கத்தில் நின்று நீ அதைப் பார்த்ததில்லை. எல்லாம் அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளில் தொடங்கியது. கொலன்னாவையில் கொம்பனி ஸ்ரோர்ஸைக் கட்டி மேய்த்தது போதும் என்று அவர் ஓய்வெடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்த மாதம். நான் நண்டுக்கறி வைத்தேன். வந்தவர்கள் விரல் சூப்பிச் சாப்பிட்டார்கள். மூன்றாம் மாடி சறோ, கொட்டாஞ்சேனையில் நாங்கள் வாடகைக்கு இருந்த காலத்திலிருந்து எனக்குச் சிநேகிதி, கோப்பையைத் துடைத்துக்கொண்டு எழும்பி, "நீர் இந்தத் தூளைப் பக்கெற்றில போட்டு வித்தீரெண்டா வெள்ளவத்தை முழுக்க வாங்கும்" என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்பாவின் தம்பி அந்த இடத்திலேயே பெயரும் வைத்தார். கேக் வெட்ட முன்னமே எங்களுக்கு ஒரு கொம்பனி பிறந்துவிட்டது.

எனக்கு அது வெறும் புகழ்ச்சியாகக் காதில் விழவில்லை. அந்த நாட்களில் உன் அக்கா ரொறன்ரோவில் இருந்து உனக்குப் படிப்பு விசா அலுவல்களைத் தொடங்கியிருந்தாள். மேசையில் உன் கடதாசிகள் ஒரு பக்கம் குவிந்துகொண்டு வந்தன. உன்னோடு படித்த பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் மாடியிலேயே வயதுபோன இரண்டு பேரும் ஒரு தொலைபேசியுமாக எத்தனை வீடுகள்! அந்த நேரத்தில் சறோ சொன்னது எனக்குக் கதவு திறந்தமாதிரி இருந்தது. விருந்தாளிகள் போய்க் கோப்பை கழுவுவதற்குள் நான் எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டேன். அப்பாவின் வைப்புப் பணத்தை எடுக்கலாம், காலி வீதியில் சின்னதாய் ஒரு கடை பார்க்கலாம், நீ முதலாளி, நான் வறுப்பேன். அப்பா "ஓம்" என்று சொன்னார். அவர் நான் சொல்கிற எதற்குத்தான் ஓம் சொல்லவில்லை?

நீதான் சொல்லவில்லை. "பொறுங்கோ அம்மா. முதல்ல விசாரிப்பம்" என்றாய்.

"என்னத்தை விசாரிக்கிறது? நான் செத்தல் மிளகாய் வறுத்தா இந்த ஃபிளாட் முழுக்க இருமுது. இருமிப்போட்டு, என்ன சமையல் எண்டு கேக்குது. இதை விட என்ன விசாரணை வேணும்?"

"இருமுற ஆக்கள் எல்லாம் வாங்குவினமோ எண்டு பாக்கவேணும்" என்று நீ சொன்னாய். அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகன் அம்மாவின் சமையலைச் சந்தைக்குக் கொண்டுபோய்ச் சோதிக்கப் போகிறான் என்பதை எந்த அம்மாவால் சிரித்துக்கொண்டு கேட்க முடியும்?

சரி, விசாரித்தாய். நான் வறுத்து, வழக்கமான மில்லில் பக்கத்திலேயே கதிரை போட்டு இருந்து, முதலில் ஒரு பிடி அரிசி போட்டு மற்றவர்களின் தூள் வாசம் போக அரைப்பித்து, பிறகு எங்கள் தூளை அரைத்துக்கொண்டு வந்து தந்தேன். நீ அதைச் சின்னச் சின்னப் பைகளில் போட்டு எங்கள் ஃபிளாட்டிலும், பக்கத்து ஒழுங்கைகளிலும், கோயிலில் காண்கிற ஆட்களுக்கும், கொட்டாஞ்சேனைப் பழைய அயலுக்கும் கொடுத்தாய். போனில் நிரப்புகிற மாதிரி ஒரு கேள்விப் படிவமும் செய்து அனுப்பினாய். பதில்கள் வந்தன பார், ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் மிக நன்று. வாங்குவீர்களா என்றால் நிச்சயமாக வாங்குவோம். சறோ அதற்குக் கீழே பூ, இதயம், கைகூப்பு எல்லாம் போட்டிருந்தாள். நான் உடனே ரொறன்ரோவுக்குப் போன் எடுத்து உன் அக்காவிடம் சொன்னேன். அவள் "அப்ப தம்பி வரமாட்டானோ?" என்று கேட்டாள். நான் வேறு கதைக்கு மாறிவிட்டேன்.

உன் முகத்தில் மட்டும் சந்தோசம் இல்லை. "எல்லாரும் ஒரே மாதிரிச் சொன்னா, ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை எண்டுதான் அர்த்தம்" என்றாய். எனக்கு வந்ததே கோபம். நல்லதென்று சொன்னாலும் குற்றமா? உனக்குப் படிப்பு கூடிவிட்டது என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, சொன்னேன்.

ஒரு மாதம் கழித்து நீ அதே வீடுகளுக்குத் திரும்பப் போனாய். இந்த முறை படிவம் இல்லை, ஒரேயொரு கேள்விதான். இன்னொரு பக்கெற் கொண்டுவந்திருக்கிறேன், இது காசுக்கு, வேண்டுமா? ஐயோ, எவ்வளவு மரியாதையான பதில்கள்! இப்ப இருக்குத் தம்பி, முடிஞ்ச உடன சொல்லுறன். அவர் வரட்டும், கேட்டுச் சொல்லுறன். அம்மாவைக் கேட்டதெண்டு சொல்லும். சறோவின் வீட்டில் நீ தண்ணீர் கேட்டுக்கொண்டு குசினிக்குள் போயிருக்கிறாய். நாங்கள் கொடுத்த பை, நான் கட்டிய நூலோடு அப்படியே, அலுமாரித் தட்டில் ஒரு பெரிய போத்தலுக்குப் பக்கத்தில் இருந்தது. அந்தப் போத்தல் அவளுடைய தங்கை பருத்தித்துறையில் வறுத்து இடித்து பஸ்ஸில் போட்டுவிட்ட தூள்.

அன்று மத்தியானம் நீ வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தது எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய். வாயில் வைக்கவில்லை.

"அம்மா, ஒரு விசயம் சொல்லுவன். கோவிக்கக் கூடாது."

"கோவிக்கிற விசயமெண்டாக் கோவிப்பன். சொல்லு."

"எங்கட சனம் தூள் வாங்காது அம்மா."

"ஏன், என்ர தூளுக்கு என்ன குறை?"

"உங்கட தூளுக்கு ஒரு குறையுமில்லை. எல்லா வீட்டிலயும் தூள் இருக்கு, அதுதான் குறை. ஒரு வீட்டில தங்கச்சி அனுப்பிறா. இன்னொரு வீட்டில மாமியார் அனுப்பிறா. மிச்சப் பேர் தாங்களே வறுத்து மில்லுக்குக் கொண்டு போகினம். அவசரத்துக்குக் கடையில வாங்கிற ஆக்களுக்குத் தட்டு நிறைய வேற பக்கெற் இருக்கு. நாங்களே கடையில தூள் வாங்கி நான் ஒரு நாளும் காணேல்லை. நாங்கள் வாங்காத சாமானை எங்களைப் போல ஆக்களுக்கு எப்பிடி விக்கிறது?"

"அப்ப அவையள் நல்லமெண்டு எழுதினது?"

"அது உங்கட முகத்துக்கு எழுதினது அம்மா."

அப்பா சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ரீவிப் பக்கம் போய்விட்டார். போர் தொடங்குகிற நேரம் அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நான் சண்டை பிடிக்கவில்லை. அதைவிட மோசமான வேலை செய்தேன். அடுத்த நாள் காலி வீதிக்குப் போய்க் கடையில் ஒரு பக்கெற் தூள் வாங்கிக்கொண்டு வந்து, கறி எல்லாவற்றையும் அதில் வைத்தேன். மீன், கத்தரிக்காய், முருங்கைக்காய், எல்லாம். "இது கறியோ, கசாயமோ?" என்று அப்பா கேட்டார். "எங்கட சனம் இதைத்தான் வாங்குமாம்" என்றேன். நீ அதையே போட்டுச் சாப்பிட்டாய். பக்கெற் முடிந்த அன்று குப்பையில் எறியப் போனேன். "எறியாதேங்கோ அம்மா, அதின்ர பின்பக்கத்தில என்ன போட்டிருக்கினம் எண்டு பாக்கவேணும்" என்று கையில் வாங்கிக்கொண்டு போனாய். என் கோபத்தைக்கூட நீ விசாரணைக்கு எடுத்துக்கொண்டாய்! அன்று அறைக்குள் போய்த் தனியாகச் சிரித்தேன் என்பதை இப்போதுதான் உனக்குச் சொல்கிறேன்.

சறோவோடு சில நாள் லிஃப்டில் கண்டால் தலையை மட்டும் ஆட்டினேன். பிறகு ஒரு நாள் குசினியைத் துப்புரவாக்கும்போது, மேல் தட்டில் அவள் புது வருடத்துக்குத் தந்த பயத்தம் பணியாரம் ஒரு டப்பா நிறைய இருந்தது. திறந்துகூடப் பார்க்கவில்லை. அவள் கேட்டபோது "அந்தமாதிரி இருந்தது சறோ, உடன முடிஞ்சுது" என்று கை பிடித்துச் சொன்னவள் நான்தான். அவளுக்குக் கூசாமல் அப்படிச் சொன்ன எனக்கு, அவள் பூவும் இதயமும் போட்டால் மட்டும் வலிக்கிறதாம். நாங்கள் அப்படித்தான் தம்பி. ஒருவர் வீட்டுச் சாப்பாட்டை அவர் முகத்துக்கு முன்னால் குறை சொல்ல எங்களுக்கு வாய் வராது. அது பொய்யும் அல்ல, மனிதரை நோகடிக்காத பழக்கம். நல்ல பழக்கம்தான். அதை வைத்து வீடு நடத்தலாம், வியாபாரம் நடத்த முடியாது. இது எனக்கு விளங்க ஒரு டப்பா பணியாரம் தேவைப்பட்டது. உனக்கு ஒரு பார்வையிலேயே விளங்கிவிட்டது.

எங்கள் சனம் வாங்காது என்று தெரிந்ததும் நீ கையை உதறிக்கொண்டு விசாக் கடதாசிகளைத் தூக்குவாய் என்றுதான் நான் பயந்தேன். நீயோ அடுத்த கேள்விக்குப் போனாய். வீட்டில் தூள் இல்லாதவர்கள் யார், ஆனால் அந்தக் கறியில் ஆசை உள்ளவர்கள் யார்? அலுவலகத்தில் உன் மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியை உன்னை விட முதலில் திறக்கிற சிங்களப் பிள்ளைகள் உன் நினைவுக்கு வந்தார்கள். நண்டுக்கறி கொண்டுபோனால் உனக்கு ஓடுதான் மிஞ்சும் என்று நீ வந்து முறையிட்ட நாட்கள் எனக்கும் நினைவிருக்கிறது. அவர்களிடம் நீ தூளைக் கொடுத்து நல்லதா என்று கேட்கவில்லை. கடைசியாக எப்போது வீட்டில் யாழ்ப்பாணக் கறி வைத்தீர்கள், எப்படி வைத்தீர்கள், பிறகு என்ன நடந்தது என்று கேட்டாய். அப்போதுதான் நிமாலியின் கதை வந்தது. அலுவலகத்தில் உன் பகுதியில் வேலை செய்கிற, நுகேகொடையில் இருக்கிற நிமாலி. குடும்பமாக நாகதீப விகாரை கும்பிடப் போனபோது யாழ்ப்பாணத்தில் ஒரு கிலோ தூள் வாங்கி வந்தாளாம். வீட்டில் ஒரு தரம் கறி வைத்தாளாம், கைத்துப் போனதாம். மிச்சம் போத்தலில் கிடந்து வண்டு பிடித்ததாம். இதே கதை இன்னும் பல வீடுகளில் இருந்தது என்று சொன்னாய். ஆசை இருக்கிறது, தூளும் வாங்கியிருக்கிறார்கள், ஆனால் கறி வரவில்லை.

ஒரு சனிக்கிழமை "அம்மா, வெளிக்கிடுங்கோ" என்று என்னை நுகேகொடைக்குக் கூட்டிக்கொண்டு போனாய். நான் நல்ல சேலை உடுத்தி, பாடம் நடத்தப் போகிற நினைப்போடு வந்தேன். பஸ்ஸிலேயே நீ சட்டம் போட்டுவிட்டாய். "அங்க ஒண்டும் சொல்லிக் குடுக்காதேங்கோ. சும்மா இருந்து பாருங்கோ." நிமாலியின் குசினியில் ஒரு கதிரையில் இருந்தேன். நண்டு, எங்கள் தூள், நீ சிங்களத்தில் அச்சடித்த செய்முறைக் கடதாசி, எல்லாம் அவள் முன்னால். அவள் எண்ணெயைக் கொதிக்க விட்டு, அதில் நேரே தூளைக் கொட்டினாள். என் கண் முன்னால், என் தூள், புகைந்து கருகியது. நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். நீ என் கையைப் பிடித்து இருத்தினாய். உயிரோடு இருக்கும் வரைக்கும் அந்தப் பத்து நிமிடத்தை மறக்கமாட்டேன். ஒரு பிள்ளை விழப்போவதைக் கண்டும் கை நீட்டாமல் இருப்பது போல இருந்தது.

அவள் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கு இருப்பது மீன்காரனோடு பேரம் பேசுகிற சிங்களம்தான், ஆனாலும் அவள் சொன்னது ஒவ்வொன்றும் விளங்கியது. "அன்ரி, வாசம் நல்லா இருக்கு. ஆனா உறைப்புக் கூட, என்ர பிள்ளையள் தொடமாட்டினம். கைக்குது. இந்தக் கடதாசியில 'கொஞ்சம்' எண்டு போட்டிருக்கு, கொஞ்சம் எண்டா எவ்வளவு? எப்ப போடுறது, பாலுக்கு முதலோ பிறகோ?" என் வயதுக்கு என் சமையலைப் பற்றி என் முகத்துக்கு முன்னால் யாரும் அப்படிச் சொன்னதில்லை. உன் அப்பா உட்பட. காது சுட்டது. பஸ்ஸில் திரும்பி வரும்போது "அவளுக்குச் சமைக்கத் தெரியேல்லை" என்றேன். "ஓம் அம்மா, அதுதான் அவ எங்களிட்ட வாங்கப்போறா" என்றாய்.

அது உண்மையாகப் போயிற்று. குறை சொன்னவள்தான் நாங்கள் புறப்படும் நேரம் மிச்சப் பைகளையும் காசு கொடுத்து எடுத்துக்கொண்டாள். அடுத்த கிழமை உனக்குப் போன் எடுத்து, உறைப்புக் குறைந்தது எப்போது வரும் என்று கேட்டாள். மிக நன்று என்று எழுதின எங்கள் ஆட்கள் ஒருவர்கூட எடுக்கவில்லை. பிறகு நீ அவளுடைய ஒழுங்கையில், அவளுடைய சிநேகிதிகளின் வீடுகளில் என்று சனிக்கிழமை சனிக்கிழமையாக அலைந்தாய். ஒவ்வொரு வீட்டிலும் அவர்கள் சமைப்பதைப் பார்த்து, பார்த்ததைக் கொண்டுவந்து என் தலையில் போட்டாய். ஒரு கறிக்கு ஒரு சின்னப் பை போதும், கிலோக் கணக்கு வேண்டாம். என் கைப்பிடியைக் கரண்டியால் அளந்தாய். தேங்காய்ப்பால் விட்ட பிறகுதான் தூள் போட வேண்டும் என்று படம் போட்டுக் காட்டினாய். மிளகாயைக் குறைத்து மல்லியைக் கூட்டச் சொன்னபோது நான் வறுக்கிற சட்டியைக் கீழே வைத்துவிட்டேன். என் அம்மாவிடமிருந்து வந்த அளவில் கை வைப்பதா? நீ கெஞ்சவில்லை, வாதாடவும் இல்லை. "உங்களுக்குப் பிடிச்ச தூளை நாங்கள் வீட்டில சாப்பிடுவம். இது அவையின்ர பிள்ளையளுக்கு" என்றாய். பிள்ளைகள் என்றதும் எனக்குக் கை தானாகச் சட்டிக்குப் போயிற்று. அது உனக்குத் தெரிந்துதான் சொன்னாய், கள்ளா.

அப்பாவின் பங்கையும் எழுதாவிட்டால் அவர் கோவிப்பார். நுகேகொடை சுப்பர்மார்க்கட்டில் மசாலாத் தட்டுக்குப் பக்கத்தில் நின்று யார் எதைத் தூக்குகிறார்கள் என்று பார்க்க நீ அவரை அனுப்பினாயே, அந்தக் காலம்தான் ஓய்வுக்குப் பிறகு அவர் சந்தோசமாக இருந்த காலம். வண்டிலில் ஒரு பிஸ்கற் பக்கெற்றைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து அதே இடத்தில் நிற்பார். காவலாளி வந்து விசாரித்தபோது "மனுசி சொன்ன தூள் எதெண்டு மறந்து போச்சு" என்று சிங்களத்தில் சொன்னாராம். அந்த மனுசன் பாவப்பட்டுக் கதிரை கொண்டுவந்து கொடுத்தானாம். வீட்டுக்கு வந்து எனக்கு அறிக்கை வாசிப்பார். சனம் பக்கெற்றைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கிறது, பெண்கள் மூக்கருகில் பிடிக்கிறார்கள், ஆண்கள் போனில் வீட்டைக் கேட்கிறார்கள். அவர் சொன்னதை வைத்துத்தானே செய்முறையை முன்பக்கம் கொண்டுவந்தாய்? அதை அவர் மாடி மாடியாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

தம்பி, வியாபாரம் ஓடுமோ இல்லையோ எனக்குத் தெரியாது. நான் பெருமைப்படுவது அதற்காக இல்லை. அப்பாவின் பணம் கை நீட்டினால் எடுக்கிற இடத்தில் இருந்தது. அம்மா முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நின்றாள். ஊர் முழுக்கக் கைதட்டியது. அத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துகொண்டு, இது சரிவராது என்று பெற்றவளிடம் சொல்ல ஒரு துணிவு வேண்டும். அந்த மேசையில் ஒரு பிடி சோறுகூட உனக்கு இறங்கவில்லை. நான் கண்டேன். பயந்துகொண்டும் சொன்னாய். அந்தக் கணம் நான் கோபத்தில் இருந்தேன், ஆனால் கோபத்துக்கு அடியில் இவன் என் பிள்ளை என்று ஒரு நினைப்பும் ஓடியது. இனிமேலும் அப்படியே இரு. பெட்டிகள் கடைக்குப் போனபிறகு புகழ்கிறவர்கள் கூடுவார்கள். அவர்களுக்குத் தேநீர் கொடு. திரும்பி வராத வாடிக்கையாளரின் வீட்டைத் தேடிப் போய், ஏன் வரவில்லை என்று கேள். நாளைக்கு உனக்குக் கலியாணம் நடந்து, மாமியார் உன் தூளைப் போல் உலகத்தில் இல்லை என்று சொன்னால், கும்பிட்டுவிட்டு அடுத்த வீட்டில் கேள். என்னிடம் கேட்கவே கேட்காதே. உன் கையால் வெறும் வெந்நீர் வைத்தாலும் நான் நல்லது என்றுதான் சொல்வேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதற்காகத்தான் கடிதம். நீ வேலையை விடுவதற்கு முதல் நாள் பின்னேரம் நாங்கள் இரண்டு பேரும் கடற்கரைப் பக்கம் ரயில் பாதை ஓரமாக நடந்தோம். கனடா அலுவலை ஒரு வருடம் தள்ளிப்போட்டதாகச் சொன்னாய். சொல்லிவிட்டு, கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டாய். "என்னை இஞ்ச மறிச்சு வைக்கத்தானே அம்மா இதைத் தொடங்கச் சொன்னனீங்கள்?" நான் "சீச்சீ, அப்பிடி ஒண்டுமில்லை, தூள் நல்ல தூள், அதுக்காகத்தான்" என்றேன். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். இத்தனை வீடுகளில் இத்தனை பேரின் முகத்தைப் படித்த பிள்ளைக்கு என் முகம் தெரியாமலா போயிருக்கும்? ஓம் தம்பி. உன்னை மறிக்கத்தான். ஒரு பிள்ளையை விமான நிலையத்தில் கண்ணாடிக்கு வெளியே நின்று அனுப்பியவள் நான். இன்னொரு தரம் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நிற்க எனக்குத் தெம்பு இல்லை என்று நினைத்தேன். தூள் ஒரு சாட்டு.

இப்போது அது சாட்டு இல்லை. நீ அதை உண்மையான தொழிலாக்கிவிட்டாய். உண்மையான தொழில் என்றால் அதற்கு உண்மையான கணக்கும் வரும். அடுத்த வருடம் இதே நேரம் நீ உட்கார்ந்து பார்ப்பாய். யார் வாங்குகிறார்கள், யார் திரும்பி வருகிறார்கள், இதில் ஒரு சீவியம் இருக்கிறதா என்று. ஓம் என்று வந்தால் சந்தோசம். இல்லை என்று வந்தால், என்னை அந்தக் கணக்கில் சேர்க்காதே. வறுக்கிற மனுசி என்ன செய்வாள், அப்பா எங்கே போய் நிற்பார், வீடு வெறுமையாகுமே என்று அதற்குள் எங்களைப் போட்டு முடிவை மாற்றாதே. இதே மேசையில் வந்து இருந்து, அன்றைக்குச் சொன்ன மாதிரியே என்னிடம் சொல். கோபம் வந்தால் வரட்டும், வந்து போகும்.

நீ என்னைக் கேட்பாய், போகவா அம்மா என்று. நான் சிரித்துக்கொண்டு, "எனக்கென்ன தம்பி, நாங்கள் நல்லா இருப்பம், நீ போ" என்று சொல்வேன். அது முகத்துக்குச் சொல்கிற பேச்சு. நம்பாதே. நம்பாமலே போ.

அன்போடும், சொல்லி மாளாத பெருமையோடும்,
அம்மா